மிஸ்ஸை என்னவென்று கூப்பிடுவது

மக்கா,

போன வியாழக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் லைன் கட் ஆகிவிட்டது. தையல் கடைக்குள் டவர் கிடைக்கவில்லை போல என்று நீயே நினைத்துக்கொண்டிருப்பாய். டவருக்கு ஒரு கேடும் இல்லை. கட் பண்ணியது நான்தான். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத்தான் கட் பண்ணினேன். "கல்யாணம் கழிஞ்ச பிறகு மிஸ்ஸை என்னன்னும்மா விளிக்கது? மிஸ்ஸுன்னே விளிச்சா ஆளுவ சிரிக்கும். அம்மான்னு விளிக்கட்டா?" என்று கேட்டாய். குழம்பில் இன்னும் கொஞ்சம் உப்புப் போடட்டுமா என்பது போலக் கேட்டாய். பெற்றவளிடமே இதைக் கேட்கிறோமே என்ற எண்ணம்கூட உன் குரலில் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

போனில் பேசினால் என் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். அளவு சரிதானா என்று போட்டுப் பார்க்க உனக்கு அனுப்புகிற கல்யாணச் சட்டையின் மடிப்புக்குள் இதை வைத்து, பாறசாலைக்குப் போகும்போது அப்பா கையில் கூரியருக்குக் கொடுத்துவிடுவேன். பெங்களூரில் உன் அறையில் தனியாக இருக்கும்போது படி. ஆதிராவிடம் படித்துக் காட்டாதே. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நர்ஸ் வேலை, நல்ல குணம், நான் வைத்த மீன்குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எத்தனை வீடு, எத்தனை பெண் பிள்ளைகள். நீ போய் உன் இங்கிலீஷ் மிஸ்ஸின் மகளைத்தான் பிடிக்க வேண்டுமா என்பது மட்டும்தான் என் வருத்தம். சுற்றி வளைப்பானேன், எனக்குப் பொறாமை. ஆதிராமேல் இல்லை, அவளைப் பெற்றவள்மேல். நீ மூன்றாம் கிளாஸில் சேர்ந்த வருஷத்திலிருந்து இருக்கிற பொறாமை.

உன் கேள்வியைக் கேட்ட மறுநாள் உன் பழைய ஸ்கூல் டிக்‌ஷனரியை அலமாரியிலிருந்து எடுத்தேன். உன் அம்மா பத்தாம் கிளாஸ் வரை படித்தவள், விரல் வைத்து எழுத்துக் கூட்டினால் இங்கிலீஷ் வரும். மிஸ் என்கிற அந்த நாலெழுத்து வார்த்தைக்கு அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். எறிந்தது குறியில் படாமல் போவது. வண்டியை விட்டுவிடுவது. கவனிக்காமல் இருந்துவிடுவது. ஒருத்தர் பக்கத்தில் இல்லையே என்று மனது வலிப்பது. இது போதாதென்று கல்யாணம் ஆகாத பெண்ணின் பேருக்கு முன்னால் போடுவது, டீச்சரைக் கூப்பிடுவது. கைவிட்டுப் போவதற்கும் அந்த அம்மாளுக்கும் ஒரே வார்த்தை! கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றவளுக்கு மிஸ் என்று எப்படிப் பேர் வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "எட்டீ, அது பள்ளிக்கூடத்துல விளிக்குத பேராக்கும். அதுல ஒனக்கு என்ன வழக்கு?" என்று சொல்லிவிட்டு பூவாருக்குப் போட் ஓட்டப் போய்விட்டார். அவருக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத் தவிர வேறு கவலை கிடையாது.

அந்த வார்த்தை நம் வீட்டுக்குள் முதலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ ஸ்கூல் விட்டு வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "மிஸ், தண்ணி" என்றாய். என்னைப் பார்த்துத்தான். தண்ணீர்ச் செம்போடு நின்றவள் அப்படியே உன் முதுகில் ஒன்று வைத்தேன். "எலே, ஆருல மிஸ்ஸு?" என்று கேட்டேன். நீ அழவில்லை, சிரித்தாய். சிரித்துக்கொண்டே இன்னொரு கதையையும் சொன்னாய். அன்றைக்குக் காலையில் கிளாஸில் எழுந்து நின்று, "அம்மா, ஒரு டவுட்" என்று மிஸ்ஸிடம் கேட்டுவிட்டாயாம். கிளாஸே சிரித்ததாம். மிஸ் மட்டும் சிரிக்காமல், "சொல்லு மக்களே" என்றார்களாம். நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே நாளில் என் பேரை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவள் பேரை எனக்குக் கொண்டுவந்திருக்கிறாயே என்று.

அதன்பிறகு எது எடுத்தாலும் மிஸ்தான். மிஸ் சொன்னார்கள், நகம் கடிக்கக் கூடாது. இதை நான் உனக்கு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மிஸ் சொன்னார்கள், பாவக்காய் நல்லது. நான் வைத்த பாவக்காயை நீ சன்னல் வழியாகக் கோழிக்குப் போட்டவன். பிறகு ஒரு நாள் மிஸ் உன் கையில் பிளவுஸ் துணி கொடுத்துவிட்டார்கள், உன் அம்மா நன்றாகத் தைப்பார்களாமே என்று. அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை அவர்களுக்கு நான்தான் தைக்கிறேன். அதிலும் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். அளவை நோட்டில் சரியாகத்தான் எழுதுவேன். வெட்டும்போது கைக்குழியில் அரை இஞ்ச் குறைத்துவிடுவேன். போர்டில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் இறுக்கட்டும் என்று. பாவம், அவர்கள் ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை. "நான் தடிச்சுட்டேன் போல சேச்சி" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்கள். பிறகு ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார்கள் என்று நீ வந்து சொன்னாய். நான் மெஷினை வேகமாக மிதித்தேன்.

இதெல்லாம் சில்லறைக் குற்றம். பெரியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் நூல் கோத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஒன்பதாம் கிளாஸில் படிக்கும்போது திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ் பேச்சுப் போட்டி. மிஸ் உன்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மாதம் ஸ்கூல் விட்ட பிறகும் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் நீ கண்ணாடி முன்னால் நின்று பேசுவாய். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கையை விரிப்பது, தலையைச் சாய்ப்பது, நிறுத்தும்போது உதட்டை மடிப்பது எல்லாம் அவளாகவே இருந்தது. என் வயிற்றில் பிறந்த பிள்ளை என் கண் முன்னால் இன்னொருத்தியாக மாறி நிற்கிறான். போட்டி அன்று காலையில் நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சரில் நீ பாறசாலையில் ஏற வேண்டும், மிஸ் நெய்யாற்றின்கரையில் ஏறி உன்னோடு சேர்ந்துகொள்வார்கள் என்று பேச்சு. நீ குளித்து வருவதற்குள் நான் உன் வெள்ளைச் சட்டையை எடுத்தேன். இரண்டாவது பட்டனின் நூலைக் கத்திரியால் வெட்டினேன்.

நீ வந்து, "அம்மா, பட்டன் இல்ல" என்றாய். "அய்யோ, எங்க போச்சு?" என்று நானும் உன்னோடு சேர்ந்து தேடினேன். பட்டன் என் உள்ளங்கையில் இருந்தது. பிறகு கிடைத்துவிட்டது போல எடுத்து, ஊசியில் நூல் கோத்து, தைக்க உட்கார்ந்தேன். ஒரு பட்டன் தைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். கடையில் பேச்சு முடிவதற்குள் ஒரு வரிசை தைத்துவிடுவேன். அன்றைக்கு நூல் இரண்டு தடவை அறுந்தது. முடிச்சு விழுந்தது. நீ வெறும் உடம்போடு வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டு, "அம்மா வண்டி வரும், வேகம்மா, வேகம்" என்று கத்தினாய். "நிக்கல மக்கா, இப்ப தாறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நாம் ஸ்டேஷன் போய்ச் சேரும்போது வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. பஸ்ஸில் போய்விடலாம் என்று அழுதாய். "இனி போய் என்னத்துக்கு?" என்று உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வரும் வழி முழுக்க, "மிஸ்ஸ மிஸ் பண்ணிட்டேம்மா, மிஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்" என்று நீ ஏங்கினாய். இதே வார்த்தை இரண்டு தடவை வந்தது என் காதில் விழுந்தது, அதன் அர்த்தம் விழவில்லை. வீட்டுக்கு வந்து உனக்குப் புட்டும் பயறும் வைத்துக் கொடுத்தேன். உள்ளே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

அன்றைக்கு நம் வீட்டில் இருந்த ஒரே மொபைல் அப்பாவோடு போட்டில் இருந்தது. அவள் நெய்யாற்றின்கரை பிளாட்ஃபாரத்தில் ஒவ்வொரு பெட்டியாக உன்னைத் தேடியிருப்பாள் என்பதை நான் யோசித்துப் பார்க்கவே பல வருஷம் ஆனது. இத்தனை காலமும் நீ குற்றத்தை உன்மேல் போட்டுக்கொண்டாய், லேட்டாக எழுந்ததால்தான் பட்டன் தைக்க நேரம் இல்லாமல் போனது என்று. லேட்டாக நீ எழவில்லை. உன்னை லேட்டாக்கியது உன் அம்மா.

நீ எஞ்சினீயரிங் படிக்கப் போன காலத்தில் அந்த வார்த்தை ஒரே ஒரு தடவை என் பக்கம் நின்றது. ஹாஸ்டல் போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் அடிப்பாய். ஒரு ரிங் என்றால் சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம், எடுக்கக் கூடாது. இரண்டு ரிங் என்றால் நான் திரும்பக் கூப்பிட வேண்டும். கடையில் பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது போன் ஒரு தடவை அடித்து நிற்கும். "எடுக்கல்லியா அக்கா?" என்பார்கள். "எனக்க மவன் ஆக்கும், வந்து சேந்துட்டான்" என்பேன். எடுக்காமலே பேசி முடிந்துவிட்டதே என்று எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஒரு மிஸ் மிஸ்ஸுக்குப் போகவில்லை, எனக்கு மட்டும்தான் வந்தது. பிறகு எல்லாரும் எந்நேரமும் போனில் கூப்பிடலாம் என்று வந்தது. அந்த ஒரு ரிங்கும் நின்றுபோனது.

பெங்களூரில் வேலையில் சேர்ந்து நாலாம் நாள் நீ அனுப்பிய மெசேஜ் உனக்கு நினைவிருக்கிறதா? இங்கிலீஷில், மிஸ் யூ அம்மா. நான் பதறிப்போய், "எந்த பஸ் மக்கா? அடுத்த பஸ் எப்ப?" என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த மிஸ் அதுதான், வண்டியை விடுவது. நீ சிரிக்கிற மஞ்சள் முகங்களாக வரிசையாக அனுப்பினாய். பிறகு போனில் விளக்கினாய், நானும் சிரித்தேன். அதுவரை ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த மாதம் மிஸ் பிளவுஸ் வாங்க வந்தபோது, "சேச்சி, எந்த பஸ்ஸுன்னு கேட்டீங்களாமே" என்று வாய் பொத்திச் சிரித்தார்கள். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. நான் தப்பாகப் படித்ததை நீ அவளிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாய். என் தப்பை அவள் திருத்தியிருப்பாள், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ரசித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு அந்த மெசேஜ் எனக்கு ஒரு தடவையும் வரவில்லை. அம்மாவுக்குப் புரியாது என்று விட்டுவிட்டாய் போல. இந்த ஒன்றை மட்டும் புத்திமதியாக எடுத்துக்கொள், கல்யாணம் செய்யப் போகிறவன் நீ. ஒருத்தியின் தப்பை இன்னொருத்தி வீட்டில் கொண்டுபோய்ச் சிரிக்காதே. ஆதிரா உன்னிடம் தப்பாகச் சொன்னது உன்னோடு நிற்கட்டும், நான் உன்னிடம் உளறியது உன்னோடு நிற்கட்டும். கல்யாணம் முடிந்து நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகப் போகிறவள், அங்கே ராத்திரி டியூட்டியிலிருந்து மிஸ் யூ என்று எழுதினால், எந்த பஸ் என்று நீயும் கேட்டுவிடாதே.

இனி முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். அதுதான் என்னை எழுத வைத்தது. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலைக்குப் பிளவுஸ் அளவு கொடுக்க மிஸ் கடைக்கு வந்தார்கள். தனியாகத்தான் வந்தார்கள். நான் டேப்பைத் தோளில் வைத்து அளந்துகொண்டிருந்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கிக்கொண்டே, சுவரைப் பார்த்து, "சேச்சி, அண்ணைக்கு வண்டி மிஸ் ஆனதா, மிஸ் ஆக்கினதா?" என்று கேட்டார்கள்.

டேப் என் கையிலிருந்து நழுவியது. "மறுநாள் அவன் அதே சட்டை போட்டிட்டு வந்தான். பட்டன் போயிட்டு, அம்மா தச்சாவ, அதான் லேட்டுன்னு பறஞ்சான். உங்க கையில தச்ச ஒரு ஹூக்காவது இதுவரை தெறிச்சிருக்கா சேச்சி? நீங்க தச்ச சட்டையில பட்டன் தானா போவுமா?" என்றார்கள். நான் சத்தியம் செய்யவோ மறுக்கவோ இல்லை. "அவன்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டேன். "சொன்னா என்ன நடக்கும்? போட்டி திரும்பி வருமா? பையனுக்கு அம்மைமேல உள்ள நம்பிக்கை போவும். ஒரு பரிசுக்காக அதைக் கெடுக்கணுமா?" என்றார்கள். நீ என்ன நினைப்பாய், உடனே என் மனது இளகியிருக்கும் என்றுதானே? இல்லை மக்கா. இவ்வளவு வருஷமும் தெரிந்துகொண்டு, என் கையால் தைத்துப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாளே, இதிலும் என்னை ஜெயித்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. நல்லவளாக இருப்பதிலும் அவள் முன்னால், நான் பின்னால்.

அவர்கள் கையை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். "எனக்கும் உங்கமேல அசூயை உண்டு சேச்சி" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து அசூயைப்பட என்ன இருக்கிறது, இந்த மெஷினா? "ஆதிரா நான் படிப்பிக்குத ஸ்கூல்லதானே படிச்சா. கிளாஸ்ல அம்மான்னு விளிக்கப்பிடாதுன்னு நானே பறஞ்சேன், மற்ற பிள்ளைகளுக்கு வித்தியாசமா தோணுமேன்னு. பத்து வருஷம் காலத்த இருந்து வைகுந்நேரம் வரை மிஸ்ஸு, மிஸ்ஸு. பழகிப் பழகி வீட்டுலயும் மிஸ்ஸுன்னுதான் வாயில வரும். காய்ச்சல்ல கிடந்து பிதற்றினப்பவும் மிஸ்ஸுன்னுதான் விளிச்சா. அந்த ஸ்கூல் கட்டடத்துக்குள்ள என்னை அம்மான்னு விளிச்சது ஒரே ஒரு பிள்ளைதான், அதுவும் தெரியாம விளிச்சது. அது உங்க மோன். ஒரு டவுட்டுன்னு கேட்டான். அந்த ஒரு விளியை நான் வச்சிருக்கேன் சேச்சி. நீங்க திருப்பிக் கேட்டா தந்திடுதேன்" என்றார்கள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? கட்டிப் பிடித்து அழவில்லை. டேப்பை எடுத்து, "கையைத் தூக்குங்க மிஸ்ஸு" என்றேன். திரும்பவும் அளந்தேன். இந்தத் தடவை அளவுப்படியே வெட்டினேன். மடிப்புக்குள் ஒரு இஞ்ச் துணி கூடுதலாகவும் விட்டிருக்கிறேன், கல்யாணச் சாப்பாட்டை அவர்கள் பயப்படாமல் சாப்பிடட்டும்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். நம் வீட்டு வழக்கப்படி மாமி என்று கூப்பிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஆதிராவின் வீட்டில் பேசுவது மலையாளம். அங்கே மருமகன் அம்மே என்றுதான் கூப்பிடுவான், அதில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் அவர்களை அம்மே என்று கூப்பிடு. வாய் நிறையக் கூப்பிடு, பத்து வருஷக் கடனாக நினைத்துக் கூப்பிடு. அம்மா என்பது இங்கே இருக்கட்டும். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், அந்த ஒரு எழுத்தைக்கூட விட எனக்கு மனசில்லை. நாலு வார்த்தை இங்கிலீஷ் படித்த நீ கஞ்சத்தனம் என்று சொல்லலாம். சொல்லிக்கொள். உன் அம்மா இப்படித்தான். போட்டியில் ஜெயித்தவளுக்கு ஒரு எழுத்தை மாற்றித்தான் பரிசு கொடுப்பேன்.

அந்த வண்டிக்கு மட்டும் எனக்குப் பதில் இல்லை. டிக்‌ஷனரியில் தேடிவிட்டேன், விட்டுப்போனதைத் திரும்பப் பிடிப்பதற்கு அந்த அரைப் பக்கத்தில் ஒரு அர்த்தமும் போடவில்லை. இந்தக் கடிதம் இருந்த சட்டையின் இரண்டாவது பட்டனை இழுத்துப் பார். வராது. எட்டுச் சுற்றுச் சுற்றித் தைத்திருக்கிறேன்.

படித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். உடனே கூப்பிடாதே, அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் போதாது. ஒரு நாளோ இரண்டு நாளோ எடுத்துக்கொள். ஆறிய பிறகு பழையபடி ஒரே ஒரு ரிங் அடித்து விட்டுவிடு. போன் மெஷின் பக்கத்திலேயே இருக்கும். நான் எடுக்க மாட்டேன்.

அம்மா